முதிரைப் பலகைத் தளமும் அதைப் போட்டவரும்

எங்கள் கோவில் மண்டபத்துப் பலகைத் தளத்தில் வெறுங்காலோடு ஓடித் திரிந்தவர்களில் இன்னும் சிலர் மிஞ்சியிருக்கிறோம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த மண்டபத்தைக் காணாதவர்கள் கையிலும் இது அகப்படக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலைப் பட்டினத்தில், டச்பே கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் பங்கு மண்டபம். கீழே ஞானோபதேச வகுப்புகள். மேல்மாடியில் ஒரே நீளமான அறை. அந்த அறைக்குத்தான் பலகைத் தளம். சுவர் எல்லா ஊரிலும் உள்ள சுவர், கூரை எல்லா ஊரிலும் உள்ள ஓட்டுக்கூரை. தளம் மட்டும் ஓர் அரண்மனைக்கு உரியது. காலையில் கிழக்கு யன்னல்களால் வெயில் விழும்போது பலகைகள் தேன் நிறத்தில் ஒளிரும். குனிந்து பார்த்தால் பலகைக்குள்ளே மெல்லிய நீரலைபோல ஒன்று ஓடும். தலையை அசைத்தால் அந்த அலையும் இடம் மாறும். அதைப் பார்ப்பதற்காகவே நாங்கள் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தளத்தோடு ஒட்டிவைத்திருப்போம். சீமெந்து போலக் குளிர்ந்து விறைக்க வைக்காது. பங்குனி வெயிலிலும் சுடாது. பூப்பந்து விளையாடினோம், கலியாண வீட்டுப் பந்திகள் வைத்தோம், வெள்ளம் வந்த வருடம் நெல்மூடைகளை இழுத்து அடுக்கினோம். ஒரு கீறல் ஆழமாய் விழவில்லை. ஒரு கறையான் தொடவில்லை. வயது ஏற ஏற நிறம் மட்டும் கொஞ்சம் கருமைகலந்த பொன்னாயிற்று.

அது முதிரை மரம். கந்தளாய்ப் பக்கத்துக் காட்டில் வெட்டியது.

வெள்ளைக்காரரின் கடற்படை எங்கள் துறைமுகத்தை விட்டுப் போகாத காலம். நாடு சுதந்திரமடைந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்குப் பத்து வயது. அப்பா கடற்படையின் டொக்யாட் ஸ்டோரில், கப்பல்துறைக் களஞ்சியத்தில், கிளாக்கர். அங்கே ஆணி முதல் நங்கூரம் வரை எல்லாவற்றுக்கும் துண்டு எழுதிப் பழகியவர் என்பதால், மண்டபத்து மேல்மாடி வேலையைப் பங்குச் சுவாமி அவரிடம் ஒப்படைத்திருந்தார். அப்பா தேக்குத்தான் வேண்டும் என்று நின்றார். சுவாமிக்கு வன இலாகா அலுவலகமான காட்டுக் கந்தோரில் முதிரைக்குத்தான் அனுமதி கிடைத்தது. அப்பாவுக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை. அந்தக் குறை மரத்தின்மேல் நிற்காமல், மரவேலைக்கு வந்தவர்மேலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது என்று இப்போது நினைக்கிறேன்.

வந்தவர் குறிஞ்சாக்கேணிக்காரர். கிண்ணியாப் பக்கத்தில் தச்சரை ஓடாவியார் என்பார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். நாற்பது வயதிருக்கும். உயரமான, ஒல்லியான மனிதர். கருவிப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கிண்ணியாத் துறையைக் கடந்து வந்திறங்கினார். மண்டபத்துக்குப் பின்னால் அவர் தங்க ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்தார்கள். வியாழன் பின்னேரம் ஊருக்குப் போவார், வெள்ளி ஜும்ஆ முடித்துச் சனி காலை திரும்புவார்.

முதல் நாள் அவர் செய்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. முற்றத்தில் அரிந்து அடுக்கியிருந்த பலகைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, மடக்கிய விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். இரண்டை மட்டும் புறம்பாகப் போட்டார்.

"அதுக்கென்ன குறை?" என்று அப்பா கேட்டார்.

"உள்ளுக்கு வெடிச்சிருக்கு ஐயா."

"வெளியிலை ஒண்டும் தெரியேல்லையே."

"அடுத்த வருசம் தெரியும்."

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. "சரி, வேலை எப்ப முடியும்?" என்றார்.

"கச்சான் காத்து எழும்பினாப் பிறகுதான் ஆணி அடிக்கலாம்."

"இப்ப ஐப்பசி. மாரி முழுக்கப் பலகையைப் பாத்துக்கொண்டு இருக்கப்போறீங்களோ?"

"நாங்க பாக்காட்டியும் அது எங்களப் பாத்துக்கொண்டுதான் இருக்கும்" என்றார் ஓடாவியார். சுவாமி சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை.

அவருடைய முறை இதுதான். பாலை மரத் தீராந்திகளின், அதாவது உத்தரங்களின், மேல் பலகைகளை மேற்புறம் கீழாகக் கவிழ்த்து, ஆணி இல்லாமல் சும்மா பரப்பிவிடுவது. மழைக்காலம் முழுவதும் அப்படியே கிடக்க வேண்டும். மரம் அந்த அறையின் காற்றைக் குடித்துப் பழகி, வீங்க வேண்டிய அளவு வீங்கி, பிறகு உலர்ந்து ஒடுங்கி ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றையும் புரட்டி, சீவி, இறுக்குவது. பச்சையாக இறுக்கினால், கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வீசும் காலத்தில் பலகைகளுக்கு நடுவே விரல் போகும் என்றார். இதைச் சோம்பல் என்று அப்பா எங்கள் வீட்டுக் குசினியில் பலமுறை சொன்னார். அந்த மாரிக்காலத்தில் ஓடாவியார் ஊரோடு இருந்து வேறு வேலை பார்த்தார். இடைக்கிடை வந்து பலகைகளைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். அதுவும் அப்பாவுக்குக் குற்றமாகத்தான் பட்டது.

எங்களுக்கு அந்த மழைக்காலம் ஒரு கொண்டாட்டம். உங்களுக்கு நினைவிருக்கும். ஆணி ஏறாத பலகைகளின் மேல் குதித்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் தரும். யன்னலோரப் பலகை கணீரென்னும். நடுப்பலகைகள் மேளம்போல அதிரும். நம்மில் ஒருவர் ஆறு பலகைகளில் மாறி மாறிக் குதித்து ஒரு பூசைப் பாட்டின் முதல் வரியையே கொண்டுவந்தார். இரண்டாம் வரிக்குப் பலகை கிடைக்கவில்லை. கீழே ஞானோபதேசம் நடந்துகொண்டிருந்தபடியால் சுவாமி பிரம்போடு மேலே வந்தார். அதோடு மண்டபத்துக்குள் பிள்ளைகள் ஏறக்கூடாது என்று அப்பா கட்டளை போட்டார். அவருடைய மகன் ஏறினால் இரட்டை அடி என்றும் சொன்னார்.

இன்னொன்று. ஒரு துண்டு முதிரையை நான் ஒளித்து எடுத்துக்கொண்டுபோய், கப்பல்விட டச்பேக் கடலில் போட்டேன். அது கல்லைப்போலத் தாழ்ந்தது. மரம் தண்ணீரில் தாழும் என்பதை அன்றுதான் கண்டேன். முழங்கால் தண்ணீரில் தடவி எடுத்துக்கொண்டு ஓடிப்போய், வந்திருந்த ஓடாவியாரிடம் காட்டினேன். களவெடுத்த துண்டு என்பது அந்த நேரம் மறந்துபோயிற்று.

"முதிரைக்கு மிதக்கத் தெரியாது தம்பி" என்றார். "பாரமான ஆள். கோவக்காரனும். உளி போட்டா உளிய மழுக்கும். ஆணி அடிச்சா ஆணிய வளைக்கும். இந்தப் பக்கமாச் சீவினாப் பிஞ்சு வரும், அந்தப் பக்கமாச் சீவினாக் கண்ணாடி. ஆனா ஒருக்காச் சம்மதிச்சிட்டானெண்டா, உங்கட பேரப்புள்ள காலத்துக்கும் அசைய மாட்டான்."

"தேக்கு நல்லமில்லையோ?"

"தேக்கு நல்ல மாப்புள. ஆரு வந்தாலும் சிரிக்கும். நடக்கிற தளத்துக்கு மாப்புள வேணாம்."

அந்த வார்த்தையை நான் வீட்டில் அப்பாவுக்கு முன்னால் சொல்லிவிட்டேன். அதற்கும் அடி கிடைத்தது.

சித்திரை கழிந்து கச்சான் எழும்பியது. சொன்னபடியே ஓடாவியார் வந்து வேலையில் இறங்கினார். மாரி முழுக்கச் சும்மா இருந்தார் என்று ஏசிய அப்பாவே, பின்னேரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு மேலே ஏறிப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் மாடிப்படிக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்தேன். ஓடாவியார் ஒரு பலகையைப் புரட்டுவார், இழை போகும் திசையைக் கையால் தடவி அறிவார், பிறகே சீவுளியை வைப்பார். பாதிப் பலகையில் இழை திரும்பினால் அவரும் எழும்பி மறுபக்கம் போய்த் திரும்பிச் சீவுவார். சீவல் மெல்லிய பொன் நாடாவாகச் சுருண்டு விழும். வெட்டிய புதுமுகத்திலிருந்து முற்றிய தேங்காயை உடைத்ததுபோல ஒரு வாசம் கிளம்பும். ஆணியை நேரே அடிக்கவே மாட்டார். துறப்பணத்தால் சரிவாகத் துளை போட்டு, ஆணியைச் சவர்க்காரத்தில் தோய்த்து, பலகையின் விளிம்பிலே இறக்குவார். அடுத்த பலகை வந்து அந்த விளிம்பை மூடிவிடும். முழுத் தளத்திலும் ஒரு ஆணித்தலை வெளியில் தெரியக்கூடாது. கடைசியாகச் சொரசொரப்பான பராய் இலையைக் காயவைத்து, அதனால் தேய்ப்பார். மணிக்கணக்காகத் தேய்ப்பார். அப்போதுதான் அந்த உள்ளலை மேலே வரும். நான் பிறகு வேலைக்காக எத்தனையோ ஊர் போனேன், பெரிய பெரிய பங்களாக்களின் தளங்களைப் பார்த்தேன். அப்படியொரு பொருத்தை வேறெங்கும் காணவில்லை. இரண்டு பலகை சந்திக்கும் இடத்தில் ஒரு தலைமயிரைக்கூடச் செருக இயலாது.

தேய்க்கும்போது தூள் பறக்கும். மாவைவிட நைசான மஞ்சள் தூள். கச்சான் காற்று யன்னலால் வந்து அதை அறை முழுக்கத் தூவும். யன்னல் வெளிச்சத்தில் அது பொன்தூள்போல மின்னும்.

அந்த வருடக் கூத்தில் நான் ராசா. முடியைக் கடதாசியால் செய்தாயிற்று. ராசாவுக்கு மேனி மின்ன வேண்டாமா? ஒரு மத்தியானம் ஓடாவியார் தொழுகைக்காகக் கீழே போயிருந்த நேரம், நான் மேலே ஏறித் தூளை ஒரு பால்மாத் தகர ரின்னில் அள்ளினேன். அங்கேயே வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வியர்வையோடு சேர்த்துப் பூசிக்கொண்டேன். இடது கைக்குப் பூசத் தொடங்கும்போது ஓடாவியார் வந்துவிட்டார். கூத்தில் எனக்கு ராசா வேசம் என்று உளறினேன். அவர் ஏசவில்லை. என்னைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் வாளி வாளியாகக் கையில் ஊற்றினார்.

"இந்தத் தூள் எல்லாருக்கும் ஒத்துவராது தம்பி. இஞ்ச பாருங்க."

தன் முன்கைகளைக் காட்டினார். தோல் சிவந்து தடித்து, சிறு சிறு கொப்புளமாக இருந்தது.

"எனக்கு முதிரையில கைவச்சா எப்பவும் இதுதான். வேல முடிஞ்சு கடல்ல நாலு நாள் முழுகினாப் போயிரும். உங்களுக்குக் கடிச்சாத் தேங்காயெண்ணெய் பூசுங்க. சொறியக்கூடாது."

"மரம் அரிஞ்ச ஆக்களுக்கு வரேல்லையே?"

"அவங்கட ராசி. இது ஆளப் பாத்துத்தான் புடிக்கிற."

மறுநாள் காலை என் கையும் அவர் கையும் ஒன்றுபோல இருந்தன.

அம்மா கிணற்றடியில் கண்டுபிடித்தா. எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காயெண்ணெய் பூசிவிட்டு, நீளக்கை வைத்த என் வெள்ளைச் சேட்டை எடுத்து மாட்டினா. "புண் ஆறுமட்டும் இதைக் கழட்டாதை. மண்டபத்துக்கை ஏறினனீ எண்டு அப்பாவுக்குத் தெரிஞ்சா உரிச்சுப்போடுவார்" என்றா. அவ்வளவுதான். அந்த நேரம் அது ஒரு தாயும் மகனும் அடிக்குப் பயந்து செய்த சின்ன ஒளிப்பு.

ஓடாவியாருக்கு அந்தக் கிழமை நோய் ஏறியது. தளத்தில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருந்தது, தேய்ப்பு வேலை உச்சத்தில். அவருடைய கண்மடல்கள் வீங்கின. காதுச் சோணைகள் தடித்துத் தொங்கின. கன்னம் மேடிட்டது. மண்டபத்துக்கு எதிர்வீட்டில் எங்கள் அப்போதிக்கரி இருந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வுபெற்றவர். பட்டினத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் டொக்டர். தளம் பார்க்க ஏறி வந்தவர், தளத்தைப் பார்க்கவில்லை. ஓடாவியாரின் காதைப் பார்த்தார். நேரே அப்பாவிடம் போனார்.

அந்தக் காலத்துப் பயத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குட்டம், அதாவது தொழுநோய், என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் போதும். மட்டக்களப்புப் பக்கத்தில் கடலேரிக்கு நடுவே ஒரு தீவு இருக்கிறது, அங்கே கொண்டுபோனால் திரும்புவதில்லை என்றுதான் நாங்கள் அறிந்திருந்தோம்.

மறுநாள் காலை பத்து மணியளவில் மண்டபத்து முற்றத்தில் கூடினார்கள். சுவாமி, அப்பா, அப்போதிக்கரி. பங்குச் சனம் பத்துப் பதினைந்து பேர் மதிலோரம் நின்றது. உங்களில் சிலரும் நின்றீர்கள். அப்பா என்னையும் கூப்பிட்டிருந்தார், மண்டபத்தடியில் திரிகிற பிள்ளை என்பதால் ஏதாவது கண்டிருப்பேன் என்று. நான் நீளக்கைச் சேட்டோடு அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். மண்டபத்துக்கு அடுத்திருந்த எங்கள் வீட்டு வாசலில் அம்மா என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினா. வேண்டாம் என்ற ஆட்டல். அந்த நேரம் அம்மாவின் பயம் அப்பாவின் பிரம்பைப் பற்றியதல்ல. கையைக் கண்டால் மகனையும் தீவுக்குக் கொண்டுபோவார்கள் என்ற பயம். இதை எழுதுவது அவமேல் பழிபோட அல்ல. வாய் என்னுடையது.

ஓடாவியார் ஒன்றும் விளங்காதவர்போல நின்றார். விளங்கியதும் சிரித்தார்.

"இது முதிரைத் தூள் ஐயா. எனக்கு இது எப்பவும் வாற."

"மரத்தாலை மனுசனுக்குக் காது தடிக்குமெண்டு நான் கேள்விப்படேல்லை" என்றார் அப்பா.

"வந்து என்ட ஊரில கேட்டுப் பாருங்க."

"ஊரிலை என்னத்தைக் கேக்கிறது. உங்கட ஆக்கள் உங்களை விட்டுக்குடுப்பினமோ?"

அப்போதிக்கரி கையை உயர்த்தினார். அவர் கெட்ட மனிதரல்ல. நியாயமாகத்தான் கேட்டார். "மரத்தூள் எண்டால் ஒருத்தருக்கு மட்டும் வராது. மரம் அரிஞ்சவை இருக்கினம், பலகை சுமந்தவை இருக்கினம். சொல்லுங்கோ பாப்பம், வேறை ஆருக்காவது வந்ததோ?"

ஓடாவியார் என்னைப் பார்த்தார்.

கோபப் பார்வையல்ல. கெஞ்சும் பார்வையுமல்ல. பலகையைத் தட்டிவிட்டுக் காது வைத்துக் காத்திருப்பாரே, அப்படி இருந்தது. என் சேட்டுக் கைக்குள் எண்ணெயும் வியர்வையும் வழிந்து கொப்புளங்கள் எரிந்தன. அப்பா என்னிடம் குனிந்து, "தம்பி, நீ ஏதும் கண்டனியோ?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

ஓடாவியார் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. சுகாதாரக் கந்தோர் ஆட்கள் வரும்வரை சாய்ப்புக்குள் இருக்கச் சொன்னார்கள், இருந்தார். அவர் படுத்த பாயையும் தண்ணீர் குடித்த சிரட்டையையும் முற்றத்தில் போட்டு எரித்தார்கள். கருவிப்பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு சுகாதாரக் கந்தோர் லொறியில் ஏறினார். தளத்தை மூன்று நாள் பினைல் ஊற்றிக் கழுவினார்கள். முதிரை அதையும் தாங்கியது. என் கை அந்தக் கிழமை முடிவதற்குள் சுத்தமாக ஆறிவிட்டது.

மிச்ச வேலையை முடிக்க அப்பா டொக்யாட் தச்சர் ஒருவரைக் கொண்டுவந்தார். அவர் துறப்பணத்தைத் தொடவில்லை. பெரிய ஆணிகளை மேலிருந்து நேரே அறைந்தார். பாதி ஆணி வளைந்தது, பலகை முனைகள் பிளந்தன. மேற்குப் பக்கத்தில் நம் எல்லாருடைய கால்விரலையும் கிழித்தனவே அந்த ஆணித்தலைகள், அவை அப்படி வந்தவைதான். ஓடாவியார் போட்ட பகுதியில் யாருடைய காலும் கிழிந்ததில்லை. ஆனால் நாம் என்ன விளையாடினோம் என்பது நினைவிருக்கிறதா? அவர் போட்ட பகுதியில் நிறம் கடுத்த பலகை ஒன்று இருந்தது. அதற்குக் குட்டப் பலகை என்று பெயர் வைத்தோம். ஓடிப்பிடிக்கும்போது அதை மிதித்தவருக்கு நோய், அவரை யாரும் தொடக்கூடாது. இந்த விளையாட்டைத் தொடங்கியது யார் என்று தெரியாது. நானும் விளையாடினேன். மற்றவர்களைவிடப் பெரிதாகக் கத்தி விளையாடினேன்.

மூன்று மாதம் கழித்து அவருக்கு நோயில்லை என்று தீவு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. சுவாமி அப்பாவிடம் வாசித்துக் காட்டினார். "நல்லது" என்றார் அப்பா. மண்டபம் அதற்குள் திறந்தாயிற்று. அந்தக் கடிதத்தைக் கோவிலில் வாசிக்கவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. ஆட்களைக் கூட்டிவைத்துக் கேள்வி கேட்டவர்கள், பதில் வந்தபோது யாரையும் கூட்டவில்லை.

இனி என் கதை. வளர்ந்தேன், படித்தேன், உத்தியோகம் கிடைத்துக் கந்தளாய்க்கு மாற்றலாகிப் போனேன். வயது முப்பதைத் தாண்டியது. இடையில் எனக்கு நானே ஒரு ஆறுதல் கட்டி வைத்திருந்தேன். ஓடாவியார் அன்று என் சேட்டுக் கையை உயர்த்திக் காட்டியிருக்கலாம், ஆனால் காட்டவில்லை. என்னையும் தீவுக்குக் கொண்டுபோவார்கள் என்று இரங்கித்தான் வாயை மூடிக்கொண்டார் என்பது அந்த ஆறுதல். எவ்வளவு பெரிய மனிதர் என்று நினைத்துக் கண் கலங்கியிருக்கிறேன். அவரைப் பெரிய மனிதராக்கினால் என் குற்றம் கொஞ்சம் சின்னதாகும், அதுதான் காரணம் என்பது அப்போது விளங்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் துணிந்து குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். களப்புக் கரையில் ஒரு வள்ளத்தைக் கவிழ்த்து வைத்து, பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. காதுகள் சாதாரணமாக இருந்தன. முதலில் அதைத்தான் பார்த்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

"ஆரு?"

"பட்டினத்திலை, கோவில் மண்டபத்து வேலையைப் பாத்த கிளாக்கரின்ர மகன்."

"கூத்து ராசா" என்றார். "இருங்க ராசா. கதிர இல்ல, அந்தக் கட்டையில இருங்க."

சொன்னேன். தூள், சேட்டு, அம்மா, 'இல்லை' என்ற என் சொல், எல்லாம். அவர் கை நிற்கவில்லை. பஞ்சைத் திணித்து உளிப்பிடியால் தட்டிக்கொண்டே கேட்டார்.

"எனக்குத் தெரியுந்தானே" என்றார்.

"நீங்கள் என்னைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

"அப்பிடி ஆரு சொன்ன?"

"நானாய் நினைச்சனான்."

அப்போதுதான் உளியைக் கீழே வைத்தார். "தம்பி, நான் என்னத்துக்கு உங்களக் காப்பாத்துற? எனக்கு அந்த நேரம் மூணு பொம்புளப் புள்ளையள். மூத்தவளக் கேட்டு மூதூரில இருந்து வந்து பேசிட்டுப் போயிருந்தாங்க. நான் உங்களப் பாத்துக்கொண்டு நிண்டது, நீங்க சொல்லுவீங்கெண்டு. இப்பச் சொல்லுவார், இப்பச் சொல்லுவாரெண்டு நிண்ட நான்."

"நீங்களே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா? உங்கட கையப் பாத்திருப்பாங்க. பாத்திட்டு என்ன சொல்லியிருப்பாங்க? குட்டக்காரன் கிளாக்கர்ர புள்ளைக்கும் ஒட்ட வச்சிட்டான் எண்டு. என்ட வாயால வந்தா அது ஒரு கதை. உங்கட வாயால வந்தாத்தான் அது முதிரைத் தூள்."

மூதூர் மாப்பிள்ளைப் பகுதி திரும்பி வரவில்லை என்பதை அவர் சொல்லாமலே விளங்கிக்கொண்டேன். கடிதம் வந்த பிறகும் பட்டினத்தில் எந்த வீடும் அவரைக் கூப்பிடவில்லை. வீட்டுக்குள் வந்து நாட்கணக்கில் புழங்குகிற வேலைக்கு அப்படிப் பெயர் எடுத்த ஆளை யார் கூப்பிடுவார்? வள்ளம் கட்டத் தொடங்கினார். வள்ளத்தைக் கரையில் வைத்தே கட்டிக் கொடுக்கலாம்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"எனக்கிட்டச் சொல்லி என்ன செய்யிற?" அவர் குரலில் எரிச்சல் இருந்தது. "எனக்கு அந்த வருத்தம் இல்லையெண்டு எனக்குத் தெரியும். அல்லாவுக்கும் தெரியும். தெரியாத ஆக்கள் அங்க இருக்காங்க. அங்க போய்ச் சொல்லுங்க."

"சொல்லுறன்" என்று வாக்குக் கொடுத்தேன். தேத்தண்ணீர் தந்தார், குடித்தேன். பிறகு அவர் உளியை எடுத்துக்கொண்டார். நான் துறைக்குத் திரும்பினேன்.

சொல்லவில்லை. அப்பா அதற்குப் பிறகும் பல வருடம் உயிரோடு இருந்தார். ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அந்த மண்டபத்துக்கு வந்தேன், உங்களோடு அந்தத் தளத்தில் நின்று கேக் சாப்பிட்டேன். குட்டக்காரன் போட்ட தளம் என்று யாராவது பகிடி விட்டால், நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அப்போதிக்கரி போனார். சுவாமி மாற்றலாகிப் போய் எங்கோ இறந்தார். அம்மாவும் அப்பாவும் போனார்கள். ஓடாவியார் மவுத்தானதைக் கந்தளாய்ச் சந்தையில் ஒரு கிண்ணியாக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். பத்து வயதில் பயந்தேன் என்றால் அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். முப்பதிலும் ஐம்பதிலும் எழுபதிலும் எனக்கு என்ன பயம்? நல்ல பெயர் எடுத்து வாழ்ந்தவன், அது பழுதாகும் என்று பின்போட்டேன். அவ்வளவுதான்.

அன்று மதிலோரம் நின்ற உங்களுக்கும், நின்றவர்களின் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். அந்தத் தளத்தைப் போட்டவருக்கு எந்த நோயும் இருக்கவில்லை. முதிரைத் தூள் சிலருடைய தோலுக்கு ஒத்துவராது. நாலு நாளில் ஆறிவிடும். வேறு யாருக்காவது வந்ததா என்று அப்போதிக்கரி கேட்டார்.

ஓம், வந்தது. எனக்கு வந்தது. வலது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை.